கந்தோர்ப் பெயரும் வீட்டுப் பெயரும்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். தான் எழுதாத ஒன்றில் தன் பெயர் இருப்பது அவருக்குப் பிடிக்காது. கந்தோரில் எல்லாரும் அவரை ராத்தா என்று கூப்பிட்டோம். முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்குச் சொல்லும் அந்தச் சொல்லை, கத்தோலிக்கப் பெண்ணான நானும், சிலாபத்தில் இருந்து வந்த சிங்களவரான ருவனும் எந்த யோசனையும் இல்லாமல் எடுத்துக்கொண்டோம்.

புத்தளம் நகரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது எங்கள் கந்தோர். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்ன அலுவலகம். யன்னலைத் திறந்தால் களப்பின் உப்புநீர் வாடை வரும். கீழே வீதியில் கழுதைகள் முச்சக்கரவண்டிகளுக்கு வழிவிடாமல் நிற்கும். ராத்தா குறிஞ்சிப்பிட்டியில் பஸ் ஏறுவார். நான் நுரைச்சோலையில் ஏறும்போது பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இரு ஸ்டெல்லா" என்பார். அதோடு பாலாவிச் சந்தி வரும்வரைக்கும் கதைதான்.

இப்போது அவர் இந்தக் கரையில் இல்லை. கலியாணம் முடித்துத் திருகோணமலைப் பக்கம் போய்விட்டார். என் நத்தாருக்கும் அவருடைய பெருநாளுக்கும் மட்டும் பேசிக்கொள்கிறோம்.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒரு மென்பொருளைப் பலர் சேர்ந்து எழுதும்போது, யார் எதை மாற்றினார்கள் என்று ஞாபகம் வைத்திருக்க கிட் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு மாற்றத்தையும் 'கொமிட்' செய்யும்போது, அதாவது பதியும்போது, எழுதியவரின் பெயரும் மின்னஞ்சலும் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்தப் பெயர் உண்மைதானா என்று அது விசாரிக்காது. கணினியில் என்ன பெயரை வைத்திருக்கிறோமோ அதை அப்படியே நம்பும். நான் நினைத்தால் ரோமாபுரிப் பாப்பரசரின் பெயரில்கூட எழுதலாம்.

ராத்தா பதிவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், இப்போது என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று கணினியைக் கேட்பார். திரையில் வருகிற பெயரையும் மின்னஞ்சலையும் உதட்டுக்குள் வாசிப்பார். சாப்பிட முன்னால் பிஸ்மி சொல்கிற மாதிரி அது அவருக்குப் பழகிப்போயிருந்தது. பிறகுதான் விசையை அழுத்துவார்.

ருவனுக்கு அது பெரிய பகிடி. "ராத்தா, பேர் மறந்துபோச்சா?" என்று கேட்பான்.

"எனக்கு மறக்காது ருவன். மெஷினுக்கு மறக்கும்."

அவருக்கு அந்தக் கவனம் தேவையாகத்தான் இருந்தது. அவருடைய சொந்த மடிக்கணினியை உப்புக்காற்றுத் தின்றுவிட்டது. எங்கள் முதலாளி நல்ல மனிதர்; நாங்கள் அவரை சேர் என்போம். "கந்தோர் லெப்டொப்பிலயே உங்கட சொந்த வேலையையும் செய்ங்கோ தங்கச்சி, வேலை முடிஞ்ச பிறகு" என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே ஒரே இயந்திரத்தில் ராத்தாவுக்கு இரண்டு பெயர்கள். கந்தோர் வேலைக்குக் கந்தோர் மின்னஞ்சலோடு ஒன்று. சொந்த வேலைக்கு வாப்பாவின் பெயரும் சேர்ந்த முழுப்பெயர், சொந்த மின்னஞ்சல். கந்தோர்ப் பெயர், வீட்டுப் பெயர் என்று அவரே அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார். இரண்டு வேலைகளையும் இரண்டு கோப்புறைகளில் வைத்து, எந்தக் கோப்புறைக்குள் போகிறாரோ அதற்குரிய பெயர் தானாக வரும்படி ஒழுங்கு செய்திருந்தார்.

"தானா மாறுது எண்டா பிறகு ஏன் ஒவ்வொரு தரமும் பாக்கிறீங்க?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"கதவைப் பூட்டின பிறகும் ஒருக்கா இழுத்துப் பாக்கிறம்தானே" என்றார்.

இந்தப் பிடிவாதம் எங்கே தொடங்கியது என்று பஸ்ஸில் ஒருநாள் தெரிந்தது. உயர்தரப் பரீட்சை எழுதியபோது அவருடைய பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாகக் கிடந்ததாம். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பரீட்சைச் சான்றிதழில் இன்னொன்று. மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்தால் போதும் என்று எல்லாரும் சொன்னார்களாம்.

"நான் மாட்டன் எண்ட. பிழையான ரெண்டையும் திருத்துங்க, சரியானது இருக்கட்டும் எண்டு சொன்ன. ஒவ்வொரு கந்தோரா ஏறி இறங்கின."

"திருத்தினாங்களா?"

"திருத்தினாங்க. ஆனா அந்த வருஷம் கம்பஸுக்குப் போகக் கிடைக்கல்ல. அடுத்த வருஷம்தான் போன. வாப்பா என்னோட நெடுநாள் கதைக்கல்ல."

எனக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஓர் எழுத்துக்காக ஒரு வருஷத்தை விடுவார்களா? நானாக இருந்தால் அன்றைக்கே சத்தியக் கடதாசி முடித்திருப்பேன். அதைச் சொன்னேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்ற" என்று சிரித்தார் ராத்தா.

அவரோடு வேலை செய்வது லேசு இல்லை. ஒருநாள் மதியம் மின்சாரம் போய்விட்டது. என் கணினியில் மின்கலம் செத்துப்போயிருந்த காலம். வெளிநாட்டில் ஒரு வாடிக்கையாளர் அவசரமாக ஒரு திருத்தத்துக்குக் காத்திருந்தார். ராத்தா ளுஹர் தொழப் போயிருந்தார். அவருடைய மடிக்கணினியைத் திறந்து, திருத்தத்தை எழுதி, பதிந்து அனுப்பியும்விட்டேன். பெரிய வேலையை முடித்த சந்தோஷத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தால், ராத்தா திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இதை நீதானே எழுதின?"

"ஓம் ராத்தா."

"இதில என்ட பேர் இருக்கு."

"பரவாயில்ல. அவங்களுக்கு வேலை முடிஞ்சாச் சரிதானே."

"எனக்குச் சரியில்ல" என்று கதிரையை எனக்குத் தள்ளிவிட்டார். "திரும்ப எடு. உன்ட பேரைப் போட்டு அனுப்பு."

வாடிக்கையாளர் தொலைபேசியில் காத்திருக்க, முடிந்த வேலையைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன். சரியான கோபம். அன்று பின்னேரம் பஸ்ஸில் அவர் பக்கத்தில் இருக்காமல் பின்னால் போய் நின்றேன். அடுத்த நாள் அந்த வாடிக்கையாளரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என் பெயரை எழுதி, வேலை மிகத் திறம் என்று இரண்டு வரி. கடலுக்கு அப்பால் இருக்கும் ஒருவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ராத்தாவிடம் காட்டினேன். மீன் வைத்த மாலுபணிஸைக் கடித்தபடி வாசித்துவிட்டு, "ம்" என்றார். அவ்வளவுதான்.

பிழைக்கும் அதே சட்டம்தான். ஒரு தடவை காணொளி அழைப்பில் ஒரு வாடிக்கையாளர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர்களுடைய கடைக் கணக்கு ஒருநாள் முழுக்கக் குழம்பிப்போயிருந்தது. சேர் சமாளிக்கப் பார்த்தார். இந்தப் பக்கம் இணையம் மோசம், அன்றைக்கு மழை என்று ஏதோ தொடங்கினார். ராத்தா தன் ஒலிவாங்கியைத் திறந்து, அந்தப் பிழையை எழுதியது நான், பதிவில் என் பெயர் இருக்கிறது, பின்னேரத்துக்குள் திருத்தித் தருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். அழைப்பு முடிந்ததும் சேர், "கொஞ்சம் பொறுத்திருக்கலாமே தங்கச்சி" என்றார்.

"பொறுத்தாப் பிழை திருந்துமா சேர்?"

சேர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். பின்னேரம் ஆக முன்னமே ராத்தா திருத்திக் கொடுத்துவிட்டார்.

வீட்டுப் பெயரில் அவர் செய்துகொண்டிருந்த வேலை எங்கள் வீட்டில்தான் தொடங்கியது. ஒரு நத்தாருக்கு அவர் வந்திருந்தார். கடலுக்குப் போகிற என் அண்ணன், வானொலியில் வந்த காலநிலை அறிவித்தலைக் கேட்டுவிட்டு எரிந்து விழுந்தார். "சிலாபத்தில இருந்து மன்னார் வரைக்கும் கடல் கொந்தளிக்குமாம். இதில என்ட கடல் எது? நான் போறதா, நிக்கிறதா?"

ராத்தா கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தத் துறையில் இருந்து போகிறீங்க, எவ்வளவு தூரம், கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் கரைக்கு வர எவ்வளவு நேரம். கேக் அப்படியே இருந்தது. புதுவருஷம் பிறக்கும்போது ராத்தா எழுதிய 'காத்துச் செய்தி' என்ற கைத்தொலைபேசிச் செயலி தயாராக இருந்தது. எல்லாரும் எடுத்துப் பாவிக்க இணையத்தில் விட்டிருக்கும் காற்று விவரங்களை எடுத்து, எங்கள் கரையின் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக, இன்றைக்குப் போகலாமா, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் அது சொல்லும். கடலில் நிற்பவர்கள் கண்ணால் கண்டதையும் அனுப்பலாம். ஆனால் பெயரோடு அனுப்ப வேண்டும்.

"பேர் போட்டாப் பிழைச்சால் ஏச்சு வருமே" என்றார் அண்ணன்.

"அதுக்குத்தான். பேர் இருந்தா ஆரும் சும்மா சொல்லமாட்டாங்க."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. யார் சொன்னது என்று தெரிந்ததால்தான் துறையில் அதை நம்பினார்கள். எழுதிய நிரலையும் ராத்தா மறைக்கவில்லை. யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று பொதுவில் வைத்திருந்தார்.

அதில் ஒரு குறை இருந்தது. கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனால் இணையம் கிடைக்காது. ஆனால் சாதாரணக் குறுஞ்செய்தி இன்னும் தூரத்துக்கு வரும். அந்தக் குறுஞ்செய்திப் பகுதியை நான் செய்கிறேன் என்று ருவன் கேட்டான். அவன் மனைவியின் தகப்பனும் கடலுக்குப் போகிறவர். மதியச் சாப்பாட்டு நேரங்களில், கந்தோர்க் கணினியில் இருந்து எழுதினான். அவனுடைய கணினியில் ஒரே ஒரு மின்னஞ்சல்தான் இருந்தது, கந்தோருடையது.

அவன் முடித்து அனுப்பிய நாளில் ராத்தா, உம்மாவுக்கு சத்திரசிகிச்சை என்று ஆஸ்பத்திரியில் நின்றார். அங்கே வாங்குப் பலகையில் இருந்தபடி கைத்தொலைபேசியில் அவன் வேலையைப் பார்த்தார். நல்ல வேலை. ஏற்றுக்கொண்டார். உம்மா வீட்டுக்கு வந்த பிறகுதான், ருவனின் பதிவில் கந்தோர் மின்னஞ்சல் இருப்பதைக் கவனித்தார்.

"அண்டைக்கு நான் பேரைப் பாக்கல்ல ஸ்டெல்லா" என்று பஸ்ஸில் சொன்னபோது, வீட்டில் எதையோ களவு கொடுத்தவரின் முகம் அவருக்கு. அன்றைக்கே சேரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். சேர் சிரித்தார். "அது உங்கட சாமான் தங்கச்சி. எனக்கு ஒண்டும் வேணாம்." வாயால் சொன்னதுதான். சில மாதங்களில் சேர் கந்தோரைக் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டு, மகனோடு இருக்க வெளிநாட்டுக்குப் போய்விட்டார்.

புதிய மனேஜர் மரியாதையான மனிதர். எங்கள் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார். பிறகு ராத்தாவை இருக்கச் சொல்லித் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். நானும் ருவனும் எழும்பிப் போகாமல் அங்கேயே இருந்தோம்.

"இது எங்கட கம்பனி ஈமெயில். எங்கட ஆள், எங்கட மெஷின்ல எழுதினது. அப்ப இந்தக் காத்துச் செய்தி எங்கட சாமான்தானே மிஸ்?"

"எதில உங்கட ஈமெயில் இருக்கோ அது உங்கட. மற்றது என்ட" என்றார் ராத்தா.

"எல்லாம் கலந்துபோச்சே."

"ஒண்டும் கலக்கல்ல. ஒவ்வொண்டிலயும் பேர் இருக்கு. பாருங்க."

மனேஜர் பார்த்தார். "இந்த ருவன்..." என்று தொடங்கினார். ருவனுக்கு வேர்த்துக் கொட்டியது. அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

"அவர் தந்ததை ஏத்துக்கொண்டது நான். கேக்கிறதை என்னைக் கேளுங்க" என்றார் ராத்தா.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ராத்தா காத்துச் செய்தியை முழுக்க நிறுத்தி, நிறுவனத்தின் மின்னஞ்சலில் வந்த பகுதியைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அது இல்லாமல் திரும்ப ஓடவைத்தால் நிறுவனத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. மனேஜர் அதை எழுதியே கொடுத்தார். எழுதித் தரும்வரை ராத்தா கதிரையை விட்டு எழும்பவில்லை.

வெளியே வந்ததும், தேத்தண்ணி வைக்கும் மூலையில் ருவன் அவரை மறித்தான். "அனே ராத்தா, ஏன் கழட்டுறீங்க? பழைய பதிவில என்ட ஈமெயிலை எடுத்திட்டு உங்கட பேரைப் போடுங்க. ஒரு கட்டளைதானே. மனேஜர் பாத்தது மறந்துபோகும்."

அது முடியாத காரியம் இல்லை. எப்படிச் செய்வது என்று எனக்கும் தெரியும். "ஓம் ராத்தா, மாத்திரலாம்" என்றேன்.

"மாத்தலாம்" என்றார் ராத்தா. "அப்ப என்ட பேரையும் ஆரும் மாத்தலாம். உன்ட பேரையும் மாத்தலாம். பிறகு அந்தப் பேருக்கு என்ன பெறுமதி?" கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "அவன் அதைக் கந்தோர்ப் பேரில எழுதினான். அது நடந்தது. நடந்ததை நான் அழிக்கமாட்டன்."

அன்றைக்குப் பின்னேரம் காத்துச் செய்தி நின்றது. எல்லாச் செய்திகளும் ருவனின் பகுதி வழியாகவே போகும்படி ஆகியிருந்ததால், அதற்குப் பதிலாக ஒன்று வரும்வரை மற்றதும் ஓடாது.

பஸ்ஸில் அவர் என் பக்கம் திரும்பினார். "ருவன் எழுதினதை நீ பாத்தியா?"

"இல்ல. நேரம் கிடைக்கல்ல."

"நல்லம். நான் பாத்திட்டன். இப்ப நான் எழுதினா என்ட கை அதையேதான் திரும்ப எழுதும். நீ எழுது. உன்ட வீட்டில, உன்ட மெஷின்ல, உன்ட பேரில."

இன்னொரு அவசரமும் இருந்தது. மாத முடிவில் நாங்கள் எல்லாரும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். இந்த நிறுவனத்தில் இருக்கும்வரை எங்கே, எந்த நேரத்தில் எதை எழுதினாலும் அது நிறுவனத்துக்கே சொந்தம் என்று அதில் ஒரு வரி இருந்தது.

"நீ கையெழுத்து வைக்க முன்னம் முடிச்சிரு" என்றார்.

என்னிடம் மச்சான் பாவித்துவிட்டுத் தந்த ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. அதில் சில விசைகள் விழுந்துபோயிருந்தன. வேலை விட்டு வந்து, அம்மா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருக்க, நான் உள்ளே இருந்து எழுதுவேன். ஞாயிறு பூசை முடிந்து வந்தும் எழுதுவேன். என்ன நடக்க வேண்டும் என்று மட்டும் ராத்தா வாயால் சொன்னார். ருவன் எப்படிச் செய்தான் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. கெஞ்சியும் பார்த்தேன், சொல்லவில்லை.

அதற்கிடையில் அவர் சும்மா இருக்கவில்லை. விடியற்காலையில் சுபஹ் தொழுதவுடன் காற்று விவரங்களைத் தானே பார்த்து, ஒவ்வொரு துறைக்கும் குரல் செய்தி அனுப்பினார். தன் முழுப்பெயரையும் ஊரையும் சொல்லித்தான் தொடங்குவார். அண்ணன் அதைக் கேட்டுவிட்டுத்தான் வள்ளத்து இயந்திரத்தைத் தோளில் வைப்பார். ஆனால் இருட்டோடு போய்விட்டவர்களுக்கு, இணையம் கிடைக்காத இடத்தில் நிற்பவர்களுக்கு, அந்தக் குரல் போய்ச் சேராது.

அப்படி ஒரு நாளில் பக்கத்து மீன்வாடியில் இருந்து போன ஒரு வள்ளம் கச்சான் காற்றில் பிரண்டது. இரண்டு பேர். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்களை வேறொரு வள்ளம் கண்டு ஏற்றிவந்தது. உயிர் தப்பினார்கள்; வலையும் இயந்திரமும் போய்விட்டன.

அடுத்த நாள் பஸ் பாலாவி உப்பளத்துக்கு வந்தபோது ராத்தா என் பக்கம் திரும்பினார். "ருவன்ட பகுதி இருந்திருந்தா அவங்களுக்குப் போயிருக்கும்."

"அப்ப அதையே திரும்பப் போடுவமா?"

வெளியே உப்புக் குவியல்களுக்கு ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"இல்ல. போட்டா நாளைக்குத் திரும்பவும் நிப்பாட்டச் சொல்லுவாங்க. ஒருக்கா நிண்டது போதும். இனி ஆரும் நிப்பாட்ட ஏலாத மாதிரிச் செய்வம்."

அவர் செய்தது சரியா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் முழுவதாகத் தெரியவில்லை. அந்த இரண்டு பேரும் கரைக்கு வராமல் விட்டிருந்தால் இந்தக் கதையை நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று நான் கந்தோருக்குள் போகாமல், படியில் நின்றே லீவு சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். எழுதி முடிக்கும்வரை எழும்புவதில்லை என்று இருந்தேன். அம்மா பாண் துண்டுகளையும் சம்பலையும் மேசைக்கே கொண்டுவந்து வைத்தார்.

ஒப்பந்த நாளுக்கு முதல்நாள் வேலை முடிந்தது. அண்ணன் இணையம் அறுந்துபோகிற தூரம் வரைக்கும் வள்ளத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார். நானும் ராத்தாவும் கரையில் நின்று ஒரு செய்தியை அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. "வந்திட்டு! வந்திட்டு!" என்று அண்ணன் கத்தியது காற்று இரைச்சலுக்கு மேலால் கேட்டது. அன்று மாலையே காத்துச் செய்தி திரும்ப ஓடத் தொடங்கியது.

அடுத்த நாள் மனேஜரின் மேசையில், அந்த ஒரு வரியை வெட்டித் தந்தால் கையெழுத்து வைக்கிறேன் என்றார் ராத்தா. எல்லாருக்கும் ஒரே ஒப்பந்தம்தான், ஒருவருக்கு மட்டும் வெட்ட முடியாது என்றார் மனேஜர். ராத்தா பேனையை மூடி அவர் பக்கம் வைத்தார். "உங்களோட எனக்கு ஒரு கோவமும் இல்ல" என்றார். சாப்பாட்டுப் பெட்டியையும் தொழுகைப் பாயையும் பைக்குள் வைத்தார். என்னுடைய முறை வந்தபோது ஒப்பந்தத்தை என் மேசைக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் வாசித்தேன். ராத்தா பக்கத்தில் வந்து குனிந்து சொன்னார்: "நீ வை. உன்னை நம்பி ஒரு வீடு இருக்கு. அதுக்குத்தான் முன்னம் முடிக்கச் சொன்ன."

நான் கையெழுத்து வைத்தேன். ருவனும் வைத்தான். ராத்தா படியிறங்கிப் போவதை இரண்டு பேரும் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். கழுதைகளைச் சுற்றிக்கொண்டு, பஸ் நிலையத்துப் பக்கம் வேகமாக நடந்து போனார். ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு குறிஞ்சிப்பிட்டி வீட்டில் இருந்தே வெளிநாட்டு வேலைகள் எடுத்துச் செய்தார். கலியாணம் முடித்துப் போகும்வரைக்கும் அப்படித்தான்.

அந்தக் கச்சான் காலம் முடிவதற்குள், ஒரு முழுநிலாப் போயா விடுமுறை நாள். நான் வீட்டில் நின்றேன். காலையில் கடல் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடந்தது. மதியத்துக்குப் பிறகு காற்று எழும்பும், முன்னதாகத் திரும்புங்கள் என்று செய்தி போயிருந்தது. அண்ணன் நேரத்தோடு வந்து வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தென்னை மரங்கள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கின. வீட்டுத் தகரம் அடித்தது.

பின்னேரம் ஒரு பெண் படலையைத் திறந்துகொண்டு வந்தார். முக்காட்டைக் காற்று பறிக்க, ஒரு கையால் பிடித்திருந்தார். கால் முழுக்க ஈர மண். போன தடவை வள்ளம் பிரண்டவர்களில் ஒருவரின் மனைவி என்று அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. கடன் வாங்கின வள்ளத்தில் அவருடைய புருஷன் இன்றைக்குத்தான் திரும்பவும் கடலுக்குப் போனாராம். வெகுதூரத்தில் வலை போட்டுக்கொண்டு நின்றபோது தொலைபேசி டிங் என்றதாம். வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பினாராம். அவர் கரையில் கால் வைக்கவும் காற்று எழும்பவும் சரியாக இருந்ததாம்.

"செய்தி எழுதின பிள்ளை இந்த வீட்டிலயா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மாவுக்கு விளங்கவில்லை. "இவ கந்தோரில கொம்பியூட்டர் வேலை. செய்தியெல்லாம் எழுதுறேல்லையே" என்றார்.

நான் எழும்பி வந்தேன். "அது ராத்தா செய்தது. குறிஞ்சிப்பிட்டியில இருக்கிறா. அவதான் எல்லாம்..."

"அவவுக்குத்தான் முதல்ல போன் எடுத்த. கடலுக்குள்ள அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது அவ இல்லையாம். உங்கட பேரைச் சொல்லி, வீட்டுக்கும் வழி சொன்னா." என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருடைய கைகள் ஈரமாக, குளிர்ந்துபோய் இருந்தன. "நீங்களா?"

அண்ணன் உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து அவருக்குப் போட்டார். திரும்பப் போய் இன்னொன்றைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். என்னைப் புதிதாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவும் பார்த்துக்கொண்டு நின்றார். வாய்க்குள் வந்த வேறு சொற்களை எல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

"ஓம்" என்றேன். "நான்தான்."